வெள்ளையம்மா கொண்டுபோன வேண்டுதல்

கொல்லிமலையில் பத்தொன்பது வருஷம் கிராம சுகாதார செவிலியர் நான். தடுப்பூசி, பிரசவம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இவ்வளவுதான் என் உலகம். அதனால் தேவனூர் நாட்டு வெள்ளையம்மா சப் சென்டருக்கு வந்து, “கென்யாவுக்குப் போறேனுங்க நர்சம்மா, வயித்துக்கு ஒண்ணும் ஆகாம வழி சொல்லுங்க” என்று நின்றபோது எனக்கே அது புதுக் கேள்வி.

வெள்ளையம்மா சாமை விளைவிப்பவர். அங்கே நடக்கும் சிறுதானிய மாநாட்டில் நான்காம் நாள் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தைய வருஷம் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போன அவர் கொழுந்தனார், முதல் நாளே பேதியில் படுத்து, பேசாமலே திரும்பியிருந்தார். ஓட்டல் பாத்ரூமைத் தவிர வெளிநாட்டில் அவர் எதையும் பார்க்கவில்லை. மறுபடியும் அப்படி ஆனால் இந்த மலையிலிருந்து இனி யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வெள்ளையம்மாவுக்கு.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொதித்து ஆறிய தண்ணீர், இல்லாவிட்டால் சீல் உடையாத பாட்டில். பல் விளக்கவும் அதே. நறுக்கி வைத்த பழம் வேண்டாம். சமைத்ததைச் சூட்டோடு சாப்பிட வேண்டும், அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாவற்றையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஒரே இடத்தில் இடித்தது. மலையில் யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். அதை மறுத்தால் அந்த வீட்டையே இழிவாகப் பேசியது போல. கொழுந்தனாரும் போன இடத்தில் அப்படித்தான் வாங்கிக் குடித்திருக்கிறார்.

“குடுக்கறத வேண்டாம்னா அவங்க மொகம் சுண்டிப்போகுமுங்களே” என்றார்.

“மொகத்தப் பாத்தா வயிறு போயிரும், வெள்ளையம்மா” என்று சிடுசிடுத்தேன். எழுந்து போனார். செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாநாட்டின் நான்காம் நாள் சாயங்காலம் அவரே போனில் கூப்பிட்டார். சேர்ந்து போன குழுவில் ஐந்து பேர், மூன்று பேர் படுக்கையில். கூட்டிப்போன ஆபீசரும் அதில் ஒருவர். பாட்டில் தண்ணீரே குடித்தவர், ஐஸ் போட்ட ஜூஸில் மாட்டிக்கொண்டார். நான் கொடுத்தனுப்பிய ஓ.ஆர்.எஸ்ஸைக் கரைத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளையம்மா மேடையேறிப் பேசிவிட்டும் வந்திருந்தார்.

உங்களுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

“போற எடமெல்லாம் குடுத்தாங்க. ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ‘எங்க பெரியசாமிக்கு வேண்டுதல், ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் காச்சின தண்ணிதான்’னேனுங்க. கூட வந்த பொண்ணு இங்கிலீசுல சொல்லுச்சு. அப்பறம் அவங்களே காச்சிக் கொண்டாந்தாங்க.”

ஐஸைப் பற்றி நான் சொல்லவே மறந்தது அப்போதுதான் உறைத்தது. “ஐஸ் போட்டதையும் வேண்டாம்னீங்களா?” என்று கேட்டேன்.

“அதுவும் தண்ணிதானுங்களே. சாமிய ஏமாத்த முடியுமா?”

“அப்ப அந்த வேண்டுதல் பொய் இல்லையா?”

“இல்லீங்க. உங்ககிட்ட பேசிட்டு நேரா கோயிலுக்குத்தான் போனேன்.”

நான் சொன்ன விதியில் ஓட்டை இருந்தது. அவர் வேண்டுதலில் இல்லை. என் விதி வயிற்றை மட்டும் பார்த்தது, அவருடையது கொடுத்தவர் முகத்தையும் பார்த்தது.

புதிதாகச் செவிலியர் வேலைக்கு வரும் பிள்ளைகளே, ‘குடிக்காதே’ என்பதோடு நம் வேலை முடிவதில்லை. கொடுப்பவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்பதையும் நம்மிடம் வழி கேட்டு வருபவர்களோடு சேர்ந்து யோசியுங்கள்.

வெள்ளையம்மா ஊர் திரும்பியதும் கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு சப் சென்டருக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் வந்து நின்ற யாருக்கும் நான் தண்ணீர் கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒரு சொம்பு நீட்டினேன். காய்ச்சியதா என்று கேட்காமல் முழுசையும் குடித்தார்.