அமாவாசைக்கு அமாவாசை மெயினை நிறுத்தியவர்

அந்த அமாவாசைக் காலையில் நான் முதலில் கவனித்தது மெயின் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கைத்தான். அது எரிந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் அது இரவும் பகலும் எரியும். அமாவாசை அன்று மட்டும், நாங்கள் உள்ளே வருவதற்கு முன்பே ஆசீர் அண்ணன் அதை அணைத்துவிட்டு நிற்பார். அன்றைக்கு அறையில் அவரும் இல்லை.

முதலாளி போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பேசி முடித்த பிறகும் போனைக் கீழே இறக்கவில்லை.

"களம்பூர்லேந்து பேசினாங்க. விடிகாலையில நெஞ்சுவலியாம். ஆசீர் போயிட்டாரும்மா" என்றார்.

"இன்னாங்க பேசறீங்க? அவரு பஸ்ஸுல வந்துகினு இருப்பாரு" என்றார் மல்லிகா அக்கா. சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஆசீர்வாதம் அண்ணனைத் தெரியாதவர்களும் இன்று மாலை நெசவாளர் சங்கம் அவருக்காக நடத்துகிற அஞ்சலிக் கூட்டத்துக்கு வருவார்கள். எங்கள் டிசைன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். டிசைன் வரைவது மல்லிகா அக்கா. வருகிற நெசவாளிகளுக்கு அவரவர் டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. "நீ வாயால பேசமாட்டே, எழுதிக் குடு, நான் படிக்கிறேன்" என்று மல்லிகா அக்கா சொன்னதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பார்டரும் முந்தானையும் இப்போது கம்ப்யூட்டரில்தான் உருவாகின்றன. நெசவாளி பென் டிரைவைக் கொண்டுபோய்த் தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் செருகினால் தறி அந்தப் பூவைப் போடும். பென் டிரைவ் கெட்டுப்போனால் எங்களிடம் திரும்ப வருவார்கள். பாதி நெய்த சேலைக்கு அதே டிசைன்தான் வேண்டும். கொஞ்சம் மாறினாலும் மீதிப் பாதி வேறு சேலையாகிவிடும். எங்களிடமும் அது இல்லையென்றால் தறி அப்படியே நிற்கும். சேலை முடிந்தால்தான் நெசவாளிக்குக் கூலி.

நான் கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திரும்பிப் போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். சேர்ந்த சில நாளிலேயே ஓர் அமாவாசை வந்தது. ஆரணியில் அன்றைக்குப் பட்டுத்தறி ஓடாது. நெசவாளிகள் யாரும் வரமாட்டார்களே, எதற்கு என்னை வரச்சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் மெயின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் எல்லோரும் வந்ததும் உரக்கச் சொன்னார்.

"மெயின் செத்துப்போச்சு. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

நான் நிஜமாகவே பயந்துவிட்டேன். மல்லிகா அக்கா சிரித்தார். "பயப்படாதடி. மாசா மாசம் கம்ப்யூட்டருக்குத் திதி குடுக்கறாரு. சர்ச்சுக்குப் போற மனுஷன், அமாவாசைய மட்டும் நம்மளவிட கரெக்டா பாத்து வெச்சிருப்பாரு. அண்ணே, எள்ளும் தண்ணியும் எடுத்தாரட்டா?"

"தண்ணிய மட்டும் கிட்ட கொண்டாராத தாயி. நெஜமாவே செத்துடும்."

இதை அவர் ஒத்திகை என்பார். மெயின் இல்லை என்று வைத்துக்கொண்டு, அவர் களம்பூர் வீட்டிலிருந்து கொண்டுவருகிற காப்பி டிஸ்க்கை ஓரத்தில் கிடக்கும் பழைய மிஷினில் செருகி, எல்லா டிசைனையும் அதில் எழுப்பவேண்டும். யார் டிஸ்க்கைச் செருகுவது, யார் டிசைனைத் திறந்து சரிபார்ப்பது, யார் நெசவாளிகளுக்குப் போன் செய்வது என்று பிரித்து வைத்திருந்தார். போன் எனக்கு வந்தது. அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் "யாரு, யாரு" என்றார்கள். எனக்குக் குரலே வரவில்லை. அண்ணன் போனை வாங்கி வைத்தார். "பாட்டுப் போட்டியா வெக்கறோம்? எப்ப வரணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும். அடுத்த அமாவாசைக்குச் சொல்லு" என்றார். போன் வேலையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

அவர் எங்களுக்கு முன் வேறு ஊரில் ஒரு சென்டரில் இருந்தார். ஒருநாள் அங்கே கம்ப்யூட்டர் எரிந்துபோனது. "காப்பி இருந்துச்சா அண்ணே?" என்று மல்லிகா அக்கா கேட்டபோது, "பேஷா இருந்துச்சு. அதே மிஷினுக்குள்ளயே இருந்துச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சென்டரை மூடிவிட்டார்களாம். பாதிச் சேலையோடு வாசலில் நின்ற ஒரு நெசவாளியின் முகத்தை மறக்க முடியவில்லை என்றார். அதனால்தான் டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ்ஸில் களம்பூருக்குக் கொண்டுபோவார். ஒரே கூரைக்குக் கீழே மெயினும் காப்பியும் இருக்கக்கூடாது என்பார்.

அடுத்த கார்த்திகை மழையில் கூரைத் தகரம் பிய்ந்து, மெயின் மேலேயே தண்ணீர் கொட்டியிருந்தது. காலையில் நான் வந்தபோது மிஷினுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நெசவாளிகள் நின்றிருந்தார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொசப்பாளையம் தனபால் மாமா, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு இந்தக் கூலியத்தான் நம்பிகினு இருக்கேன். பாதியில நிக்குது சேலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்தபடி வந்தார். மெயினை ஒரு முறை பார்த்தார். பிறகு பையைப் பிரித்து டிஸ்க்கை எடுத்தார். "அமாவாசைன்னு நெனச்சிக்குங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது.

ஒரே ஒரு சண்டை வந்தது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் டிசைனை முதலில் எடுக்கச் சொன்னார் முதலாளி. "அவங்க தறியில இன்னும் பாவு நூலே பூட்டலைங்க, நெசவே ஆரம்பிக்கல. பாதியில நிக்கற தறிக்குத்தான் மொதல்ல. இதை அமாவாசையிலேயே பேசி முடிச்சோமே, நீங்களும் தலையாட்டினீங்களே" என்றார் அண்ணன். முதலாளி இன்னொரு முறை தலையாட்டினார். நான் முதலில் தனபால் மாமாவுக்குப் பென் டிரைவைக் கொடுத்தேன். பிறகு மற்றவர்களுக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் நின்ற தறிகள் எல்லாம் ஓடின.

அதன் பிறகு யாரும் திதி என்று கேலி செய்யவில்லை. ஆனால் ஓர் அமாவாசை அன்று அவர் வேறு மாதிரி சொன்னார்.

"இன்னிக்கு மெயின் நல்லாத்தான் இருக்குது. ஆசீர்வாதம் செத்துட்டான். இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"வாயக் கழுவுங்கண்ணே!" என்று கத்தினார் மல்லிகா அக்கா. அண்ணன் வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு சந்தேகம் கேட்கப் பின்னாலேயே போனேன். "செத்தவன்கிட்ட கேக்கறியே பாப்பா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். அப்போதுதான் தெரிந்தது, பழைய மிஷினின் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று. கடைசியில் அவரே உள்ளே வந்தார். முகம் வாடியிருந்தது. "எல்லாத்தையும் யோசிச்சேன். என்னையே யோசிக்கல பாரு" என்றார். அன்றைக்கே மல்லிகா அக்காவுக்கும் எனக்கும் பாஸ்வேர்டைச் சொல்லி, கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு கல்யாண சீசன் வந்தது. புது டிசைன்கள் குவிந்தன. அமாவாசை அன்றும் வரையவேண்டியிருந்தது. இந்த மாதம் ஒத்திகை வேண்டாம் என்றார் முதலாளி. அடுத்த மாதமும் அதையே சொன்னார். "காப்பிதான் தானா ஏறிகினு இருக்குதே ஆசீர், இன்னா பேஜாரு?" என்று கேட்டார்.

"ஏறுதுங்க. திறக்குதான்னு யார் பாத்தது?" என்றார் அண்ணன். "மூணாவது தடவை விடமாட்டேன்." மூன்றாவது அமாவாசைக்கு முந்தைய நாள் மாலையும் வழக்கம்போல டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. அந்த மூன்றாவது அமாவாசைதான் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த நாள்.

களம்பூரில் அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. முதலாளி மல்லிகா அக்காவிடம் குனிந்து, "அந்த டிஸ்க்க யாராவது கேளுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். மல்லிகா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளியின் கவலை தப்பில்லை. எல்லாத் தறியின் டிசைனுக்கும் வெளியே இருந்த ஒரே காப்பி அதுதான். ஆனால் சாவு வீட்டில் அதை எந்த வாயால் கேட்பது? அண்ணனின் மனைவி எஸ்தர் அக்காவே எழுந்து வந்து சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்தார். "நேத்தே எடுத்து வெச்சிட்டாரு. நாளைக்கு அமாவாசைன்னு சொன்னாரு" என்றார். சாப்பாட்டு டப்பா இல்லாததால் பை லேசாக இருந்தது.

அந்த டிஸ்க் அதற்குப் பிறகு களம்பூருக்குப் போகவில்லை. ஒரு மாதமாக முதலாளியின் மேஜை டிராயரில், மெயினுக்குப் பக்கத்திலேயே, அதே கூரைக்குக் கீழே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் அந்த டிராயரைப் பார்ப்பேன். மேகம் கறுத்தால் கூரையைப் பார்ப்பேன்.

இன்று மறுபடியும் அமாவாசை. காலையில் எல்லோரும் வந்திருந்தோம். மெயினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒத்திகை நேரம் கடந்துகொண்டிருந்தது.

மல்லிகா அக்காதான் கேட்டார். "இன்னிக்கு உண்டுங்களா?"

"வேணாம்மா" என்றார் முதலாளி. "டிஸ்க்கு திறக்கலன்னு வெச்சிக்கோ, சரி பண்ண அவரு எங்க இருக்காரு? தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அண்ணன் போன பிறகு தினமும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நாங்களாக மெயினை நிறுத்தினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்க் திறக்கவில்லை என்றாலும், மெயின் உயிரோடு இருக்கும்போதே வேறு காப்பி எடுத்துக்கொள்ளலாம். மெயின் தானாக நின்றுபோகிற நாளில் வாசலில் தனபால் மாமாவோ வேறு யாரோ பாதிச் சேலையோடு நிற்பார்கள். இதற்காகத்தான் ஆசீர் அண்ணன் மாதம் தவறாமல் எங்களிடம் கேலியும் திட்டும் வாங்கினார்.

அண்ணா, உங்களுக்கு மாலை போடும்போதுகூட நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் வாருங்கள்.

நான் டிராயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்துப் பழைய மிஷின் பக்கத்தில் வைத்தேன். மெயின் அருகில் போய் நின்றேன். "மெயின் செத்துப்போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சுவிட்சை அணைத்தேன்.