பஷீருதீனின் நாலு எண்கள்

பூந்தமல்லியில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் பஷீருதீன், தன் போனைத் திறக்கும் எண்ணை மனைவி சைனம்புவிடம்கூடச் சொன்னதில்லை. கடைக்கு எதிரே பூ விற்கும் வசந்தா, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனோ ஒருவனிடம் ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பயம். "உனக்கு எதுக்கு? வாய் தவறி எங்கனா உளறிடுவே" என்பார். சைனம்புவும் அதற்குமேல் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சைனம்பு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா வெளியே வந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பன்னிரண்டரைக்குள்ள ஒரு ஊசி போட்டா சரியாக வாய்ப்பிருக்கு. ஆனா ரத்தத்தை மெலிசாக்குற சில மாத்திரை சாப்பிடறவருக்கு அதைப் போட்டா உயிருக்கே ஆபத்து. இவர் என்ன மாத்திரை சாப்பிடறார்?"

சைனம்புவுக்குத் தெரியாது. போன வருஷம் நெஞ்சு வலித்ததிலிருந்து ஏதோ சாப்பிடுகிறார். போனிலேயே வரவழைத்து, அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்வார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டின் படமும் அந்தப் போனில்தான். எழுதிக் கொடுத்த கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை.

மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தேய்ந்த விரல்கள் அவருடையவை. ரேகையை போன் ஏற்காததால்தான் எண் வைத்திருந்தார். சைனம்பு அவர் பிறந்த வருஷத்தைப் போட்டாள். தவறு. மகள் இஃபத்தின் நிக்காஹ் தேதி. தவறு. கடைக் கதவு எண். தவறு. கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னது போன். பிறகு ஐந்து நிமிஷம் என்றது.

அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, அந்த நம்பர்... விரலால காட்டுங்க, போதும்." அவர் இடது கை எழுந்து, காற்றில் அலைந்து, விழுந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது.

வானகரத்திலிருந்து கிளம்பிய இஃபத் பைபாஸில் சிக்கிக்கொண்டு, சைனம்புவின் போனுக்கு அழைத்துக் கத்தினாள். "அம்மா, நீ ஊட்டுக்கு ஓடு! மாத்திரை டப்பா எங்கனா கீதான்னு பாரு!"

வீட்டில் டப்பா இல்லை. கடையைத் திறந்து, ஸ்பேனர்களையும் கம்பிச் சுருள்களையும் தரையில் கொட்டித் தேடினாள். மேஜை இழுப்பறையின் அடியில் கிடைத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினாள். ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளில் அச்சிட்டிருந்த எழுத்துகளைப் பார்த்து, அவற்றின் பெயர்களைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

டாக்டரம்மா தலை குனிந்தார். "இதுல எதுவும் அந்த ஊசிக்குத் தடையில்லைம்மா. போட்டிருக்கலாம். இப்ப மணி ஒண்ணு ஆகப்போகுது."

சைனம்பு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஷீருதீன் பிழைத்தார். வலது கை, காலுக்கு அசைவு திரும்பவில்லை, பேச்சும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, காலண்டரில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினார். யாருடைய பிறந்தநாளும் இல்லை. அர்த்தமில்லாத நாலு எண்கள்.

இஃபத் அதை ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டின் நகலோடு உறையில் போட்டு ஒட்டிப் பீரோவுக்குள் வைத்தாள். சாவி இருக்கும் இடம் அவர்கள் மூவருக்கு மட்டும் தெரியும். பூட்டைத் திறக்காமலேயே திரையில் மாத்திரைப் பெயர்கள் தெரியும்படி அப்பா, அம்மா இருவர் போனையும் மாற்றினாள்.

அன்று மாலை சைனம்பு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்டி நின்றது.

"முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ. என்னை நம்பலியா நீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒலி வந்தது, சொல் வரவில்லை. அவள் அவர் தாடையைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினாள்.