படத்துக்குக் குரல் கொடுத்தவள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் என் மனைவி சொன்னாள். எழுதினால் கட்டுக்கதை என்பார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். இட்டுக்கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பட்டதைச் சொல்கிறேன்.

நான் ஓர் அருங்காட்சியகத்தில் ஒலிப்பதிவு செய்கிறவன். வெகு நாட்கள் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பிறகு புது இயக்குநர் வந்தார். தொடுதிரை வைத்தார். காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற கருவி வைத்தார். உடைந்த பானை ஓட்டுக்கு நேரே போனைப் பிடித்தால், அதன் திரையில் முழுப் பானையாக எழுந்து நின்றது. கூட்டம் வரத் தொடங்கியது. அந்தத் தெம்பில் அடுத்த யோசனையைச் சொன்னார். மாடியில் நூறு வருடப் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஏழெட்டு வயதுச் சிறுமி. யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவளைத் திரையில் ஏற்றிப் பேசவைக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்டால், அவள் உதடு அசைந்து பதில் வரவேண்டும்.

அதற்குக் குழந்தைக் குரல் தேவை. என் மகள் இருக்கிறாளே, சரியான வாயாடி. தூக்கத்தில்கூடப் பேசுவாள்.

"செத்துப்போன புள்ளைக்கு நம்ம புள்ள குரலைக் குடுக்கணுமா?" என்றாள் மனைவி.

"மெஷினுக்குத்தானே குடுக்கறோம்," என்றேன்.

எல்லாரும் முதலில் கேட்கப்போவது 'படத்துல இருக்கறது யாரு?' என்றுதான். அதற்குப் பதில், 'இது நான்தான்.' பாப்பா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தொழிலின் புத்தி அப்படி. குரலில் பொய் தெரிந்தால் விடமாட்டோம். புகைப்படத்தை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன்.

"நடிக்காதே பாப்பா. அது நீதான்னு நெசமாவே நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். சிரிப்புப் போயிற்று. விளையாட்டுப் போயிற்று. கடைசியில் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சன்னமாகச் சொன்னாள்.

"இது நான்தான்."

எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டேன்.

திரை திறந்த நாளிலிருந்து மாடியில் நிற்க இடமில்லை. இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் வாரம் காவலாளி என்னைத் தேடி வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு 'அப்பா எப்ப வருவாரு'ன்னு கேக்குது. அதையும் நீங்கதான் பதிஞ்சீங்களா?"

நான் பதியவில்லை.

அதே நாட்களில் வீட்டில் பாப்பாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனம் துணியவில்லை.

வார விடுமுறை அன்று தனியாக மாடி ஏறினேன். பட்டப்பகல். மணி மூன்று பத்து. திரையின் மின்வயரைப் பிடுங்கினேன். பதிவு இருந்த மெமரி கார்டை வெளியே எடுத்தேன். திரை கறுத்தது.

டக்...

ஒலிபெருக்கியில்தான் அந்தச் சத்தம்.

"அப்பா..."

என் மகளின் குரல். வயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கால் மரத்துப்போச்சுப்பா. எவ்ளோ நேரம் இப்படியே உக்காந்திருக்கறது?"

போன் அடித்தது. மூன்று பதினான்கு. மனைவி.

"ஏங்க, பாப்பா நாற்காலியில உக்காந்தவ அசையவே மாட்டேங்கறா. கூப்பிட்டா யாரோ மாதிரி பாக்கறா. சீக்கிரம் வாங்க."

கார்டை உடைத்துவிட நினைத்தேன். விரல்களுக்கு நடுவில் வைத்து வளைத்தேன்.

"உடைக்காதீங்கப்பா."

கை நின்றுவிட்டது.

"உடைச்சா நான் எப்படி வீட்டுக்கு வருவேன்?"

பேசுவது என் மகளா...

அந்தப் படத்துப் பெண்ணா...

தெரியவில்லை.

நான் உடைக்கவில்லை.

பாப்பா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. திரையைக் கழற்றிவிட்டார்கள். கார்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தூக்கி எறியவும் பயம், எதிலாவது போட்டுக் கேட்கவும் பயம்.

போன மாதம் ஒரு பெரியவர் மாடியில் அந்தப் புகைப்படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். தன் தாத்தாவின் தங்கை என்றார். வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறதாம்.

"சின்ன வயசுலயே போயிட்டாங்க," என்றார்.

"நல்லாப் பேசுவாங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பொறவி ஊமை சார். யாராவது பேசினா, அவங்க வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம்."

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவி பாப்பாவுக்குத் தலை வாரியபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவின் கையில் கண்ணாடி இருந்தது. அதற்குள் தெரிந்த தன் அம்மாவின் வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.