வெட்டுத்துணி மூட்டைக்குள் கடல்பாசி

தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு டெய்லர் கடை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரம்பலூருக்கு வந்து எங்கள் கடை வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே வர இடம் இருக்காது. "கொக்கி கட்டியாச்சாங்க?" "போன வாரமே தரேன்னீங்களே?" "கை டைட்டா இருக்கு, கொஞ்சம் பிரிச்சு விடுங்க, இங்கயே நிக்கிறேன்." எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் பொறுமைசாலி கிடையாது. துணியை முன்கூட்டியே கொடுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வேன். கேட்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் கட்டைப்பையோடு வந்து, "உங்க கைதான் எனக்கு செட்டாகும்" என்று ஐஸ் வைப்பார்கள். நானும் வாங்கி வைத்துத் தொலைப்பேன். அதனால்தான் எல்லாத் தீபாவளிக்கும் நான் பழைய ஜாக்கெட்டோடு நிற்கிறேன்.

கடையில் நாங்கள் மூன்று பேர். வெட்டுவதும் தைப்பதும் நான். மணியும் சரிகையும் வைத்து ஆரி வேலை செய்கிறவள் லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். ஹெம்மிங் போட்டு, கொக்கி கட்டி, அயர்ன் பண்ணி முடிக்கிறவள் சிறுவாச்சூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இரண்டு பேரும் என்னை அக்கா என்பார்கள். நாள் முழுக்கச் சண்டை போடுவோம், மத்தியானம் ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கை வைப்போம்.

சிறுவாச்சூர்க்காரி வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மா அடிக்கடி கடைக்கு வருவார். வெட்டும்போது விழுகிற துண்டுத் துணியையெல்லாம் மகள் ஒரு சாக்கில் சேர்த்து வைப்பாள். அம்மா அந்த மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், அதை அடைத்துத் தலையணை தைப்பார். என் வீட்டுத் தலையணையும் அவர் தைத்ததுதான். ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் துண்டுகள் மேல் தலை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார்.

ஒரு வருஷம் ஆவணியில் அந்த அம்மா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து இவள் வேலைக்கு வந்தாள். ஒரு கொக்கிகூடக் கோணலாகக் கட்டவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோனது, சிரிப்பு சுத்தமாக நின்றுபோனது. சாக்கில் துணி சேர்ப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. எடுத்துப்போக ஆள் இல்லாமல் மூட்டைகள் மேஜைக்கு அடியில் சேர்ந்துகொண்டே வந்தன. கால் நீட்ட இடமில்லை. தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவளுக்கும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்றே?" என்றேன்.

"குடுக்கிறவங்க மொகத்தைப் பாத்தா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குதுக்கா."

"சரி, தீபாவளிக்கு எங்க வூட்டுக்கு வந்துடு."

"வரலக்கா. கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போறேன்."

அதுதான் எனக்கு ஆறவில்லை. அம்மா இல்லாத முதல் தீபாவளியை இருட்டில் படுத்துக் கழித்தாளென்றால் அடுத்த வருஷமும் அப்படித்தான் கழிப்பாள். பிறகு அதுவே பழகிவிடும். அவள் பஸ் ஏறுவதற்குள் அவள் வாயில் ஏதாவது ஒரு இனிப்பு போட்டே ஆக வேண்டும், அவள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

"மைசூர்பாகு கிண்டிக்கிட்டு வரேன்" என்று ஆரி வேலைக்காரியிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"அய்யோ அல்லா! போன வருஷம் பண்ணுனதையே எங்க வூட்ல இன்னும் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கோம்" என்றாள் அந்தப் பாவி. "கடல்பாசி பண்ணலாம்க்கா. நோன்பு தொறக்கப் பண்ணுவோம்ல, அது. பாகு இல்ல, பதம் இல்ல. பாசியக் கொதிக்க வச்சு, பாலும் சீனியும் ஊத்தி ஆற வச்சாப் போதும், தானா உறைஞ்சுக்கும். உங்களுக்கே வரும்."

அப்படித்தான் தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அவள் ஒரு பாக்கெட் கடல்பாசியோடு வந்தாள். பார்க்க வெள்ளையாய், கண்ணாடி போல, நீள நீள நாராக இருந்தது. டீ போடுகிற கரண்ட் அடுப்பு கடையிலேயே இருக்கிறது. பாலும் வாங்கியாயிற்று. பாசியைச் சின்னச் சின்னதாக வெட்டி ஊறப்போட வேண்டும் என்றாள்.

டெய்லரின் கத்தரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துணியைத் தவிர அதில் வேறு எதையும் வெட்டக் கூடாது. அவசரத்துக்குக் காகிதம் வெட்டினான் என்று என் மகனை நான் தெருவரைக்கும் விரட்டியிருக்கிறேன். அந்தக் கத்தரியை அன்றைக்கு நானே எடுத்து, கட்டிங் மேஜை மேல் பாசியைப் பரப்பி, கறுக் கறுக்கென்று வெட்டினேன். அன்பு வந்தால் நான் இப்படித்தான் புத்தி கெட்டுப் போவேன் போல.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா புயல் மாதிரி உள்ளே வந்தார். கழுத்து இறக்கம் அதிகமாகிவிட்டதாம். "நான் என்ன டான்ஸ் ஆடவா போறேன்?" என்று ஒரே சத்தம். அவரை இழுத்து நிறுத்தி அளவெடுத்து, நெட் துணியில் ஒரு பட்டி வைத்துச் சரிபண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன். மேஜை பளிச்சென்று இருந்தது.

"இங்க இருந்தது எங்கடி?"

"நெட்டு வெட்டுன துண்டா? மூட்டையில போட்டுட்டேன்க்கா" என்றாள் சிறுவாச்சூர்க்காரி, கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆரி வேலைக்காரி தலையில் கை வைத்தாள். "அடியேய், அது கடல்பாசி! உனக்காகத்தாண்டி பண்ணப் போனோம்!"

வேறு பாக்கெட் வாங்கப் போகலாம்தான். அன்றைக்குக் கடைவீதிக்குள் நுழைந்தால் பொங்கலுக்குத்தான் வெளியே வர முடியும். மூட்டையைத் தரையில் கவிழ்த்தோம். கவிழ்த்தபிறகுதான் தெரிந்தது, அந்த வருஷம் ஊர் முழுக்க நெட்டும் ஆர்கன்சாவும்தான் ஃபேஷன். எது பாசி, எது துணி என்று ஒரு எழவும் தெரியவில்லை. எல்லாமே வெள்ளை, எல்லாமே கண்ணாடி.

"கடிச்சுப் பாத்தாத் தெரியும்" என்று ஆரி வேலைக்காரி ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். "ச்சீ, நெட்டு!" நானும் ஒன்றைக் கடித்தேன். கேன்வாஸ். மூன்று பேரும் தரையில் முட்டி போட்டு, எடுத்து எடுத்துக் கடித்துப் பார்த்து, பாசியைக் கிண்ணத்திலும் துணியை மூட்டையிலும் போட்டுக்கொண்டிருந்தோம். சிறுவாச்சூர்க்காரி ஒரு துண்டை ரொம்ப நேரம் மென்றாள்.

"பாசியாடி?"

"இல்லக்கா. பேங்க் மேடத்தோட பாவாடை லைனிங்."

அந்த நேரம் வாசலில் நிழல் தட்டியது. கழுத்து இறக்கத்து அம்மா குடையை மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் வாயில் துணியோடு நிமிர்ந்து பார்த்தோம்.

"ஏங்க," என்றார் பதறிப்போய், "துணி மிச்சம் எங்கன்னு கேட்டா எலி தின்னுடுச்சும்பீங்க. இதுதானா அந்த எலி?"

முதலில் சிரித்தது சிறுவாச்சூர்க்காரிதான். வாயிலிருந்த லைனிங் தெறித்து விழ, மூட்டை மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஐயோ, அழப் போகிறாளே என்று பயந்தேன். அழவில்லை. "எலி... எலி..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. குடைக்கார அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கிடைத்தது பாதிப் பாசிதான். அலசி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, புது லைனிங் துணியைத் துவைத்து அதில் வடிகட்டினோம். நூல் ஒன்றிரண்டு மாட்டியது. பாலும் சீனியும் ஊற்றி டீ கிளாஸ்களில் வைத்தோம். பாசி குறைந்ததால் துண்டு போடுகிற அளவுக்கு உறையவில்லை. தளதளவென்று ஸ்பூனில் நின்றது. கடைசி ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு மூன்று பேரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். சிறுவாச்சூர்க்காரி ஒரு வாய் வைத்தாள். பிறகு கிளாஸை வழித்து வழித்துத் தின்றாள்.

"அம்மா இருந்திருந்தா, மூட்டையைக் கலைச்சதுக்கு நம்மள மூணு பேரையும் வெளுத்திருக்கும்" என்றாள்.

அம்மா என்ற வார்த்தையை ஆவணிக்குப் பிறகு அவள் சொன்னது அன்றைக்குத்தான். அவள் எழுந்து, கவிழ்த்த துணியெல்லாம் சாக்கில் அமுக்கி, வாயைக் கட்டினாள். பிறகு அதைத் தூக்கி, அவள் அம்மா மாதிரியே, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"தலவாணி தச்சுத் தரேன்க்கா. பாசி வாசத்துக்கு எறும்பு வந்தா என்னைக் கேக்கக்கூடாது."

"போடி!" என்றேன்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "பாசி இன்னொரு பாக்கெட் கெடைக்குமாடி?" என்று ஆரி வேலைக்காரியைக் கேட்டாள்.

"எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் கெடைக்கும். எதுக்கு?"

"நாளைக்கு ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வாங்க. எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக் கூடாதுன்னாங்க? பால் சட்டி வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."