நீதிபதி வீட்டுக்குக் கொண்டுபோன தட்டு

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். நம் தமிழ்ச் சங்க மலரில் இதை அச்சேற்றுபவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

போன மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் ஓய்வு பெற்றார். அவரை வழியனுப்பும் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பல வருடங்களாக அவர் வீட்டுப் புல்லை வெட்டுகிறேன். ஆனால் அவர் வாழ்க்கையை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். மகளான இவர் பள்ளி விட்டு வந்ததும் தெருமுனை டெய்ரியில், அதாவது சின்ன மளிகைக்கடையில், பாலும் ரொட்டியும் விற்றிருக்கிறார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, தெற்கு ஆக்லாந்தில் வக்கீலாகி, போலீசில் மாட்டிக்கொண்ட ஏழைகளுக்காக வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார். பிறகு கீழ்க் கோர்ட்டில் நீதிபதி, அப்புறம் ஒவ்வொரு படியாக மேலே. மேல்முறையீட்டில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து வழக்கைக் கேட்பார்கள். ஒரு வழக்கில் மற்ற இருவரும் ஒன்று சொல்ல, இவர் மட்டும் தனியாக வேறு மாதிரி எழுதினாராம். சில வருடம் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் எழுதியதுதான் சரி என்றதாம்.

கடைசியில் அவர் பேசியது கொஞ்ச நேரம்தான். "ஜெயித்தவர் தீர்ப்பின் கடைசி வரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தோற்றவர்தான் முதல் வரியிலிருந்து படிப்பார். நான் அவருக்காகத்தான் எழுதினேன்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அங்கே பேசிய யாரும் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய விசாவில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். மலேசியத் தமிழர் ஒருவர் புல் வெட்டும் தொழில் நடத்துகிறார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எப்சம் பக்கத்தில் இருக்கும் நீதிபதி வீடு என் பங்குக்கு வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. அவர் சமையலறை மேசையில் கட்டுக்கட்டாகக் காகிதம் வைத்துப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். ஏதோ பள்ளிக்கூட டீச்சர், பரீட்சைத் தாள் திருத்துகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதலாளி சொல்லித்தான் ஜட்ஜ் என்று தெரிந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா வந்து, நான் அவர்கள் பக்கத்து வேலிச் செடியை வெட்டிவிட்டதாகச் சத்தம் போட்டார். நீதிபதி முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்றார். என் ஆங்கிலம் நொண்டி நொண்டித்தான் வரும். யாராக இருந்தாலும் பாதியிலேயே அவர்களே முடித்துவிடுவார்கள். இவர் முடிக்கவில்லை. நான் கடைசிச் சொல்லைத் தேடிப் பிடிக்கும்வரை நின்றார். அப்புறம், "தப்பு இவர் மேல்தான்" என்று சொல்லி, பக்கத்து வீட்டம்மாவிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். எனக்கு எதிராகச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. என்னையும் ஒருவர் கேட்டாரே.

எங்களுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அந்த விபத்து நடந்தது. மனுரேவாவில் வண்டி ஓட்டிப் போகும்போது பின்னால் மிஷின் ஏற்றி இழுத்துப்போன டிரெய்லர் கழன்று ஓடி, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணியின் காலில் மோதி எலும்பு முறிந்துவிட்டது. கொக்கியில் போட வேண்டிய பூட்டை நான் சரியாகப் போடவில்லை. அந்தப் பெண்மணியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை பெரிதில்லை. ஆனால் அனுமதி கிடைத்த புதிதில் குற்றவாளி என்று பதிவானால் நாட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்று சட்டம். குற்றம் நிஜம்தான், பதிவு மட்டும் வேண்டாம் என்று கேட்டோம். இரண்டு கோர்ட்டிலும் மறுத்துவிட்டார்கள். கடைசியாக மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்பதாகச் சொல்லிக் கடிதம் வந்தது. அதிலும் தோற்றால் மனைவியையும் மகளையும் இங்கே விட்டுவிட்டு நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கடிதத்தைப் பார்த்த மனைவிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "உங்க மேடம் அந்தக் கோர்ட்டுலதானே இருக்காங்க? போய்ப் பாருங்க."

"போய் என்னத்தப் பேசுறது? எனக்கு வராது."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். லெட்டரைக் காட்டுங்க, போதும். சும்மா கையை வீசிட்டுப் போகாதீங்க, பெரியவங்க வீடு."

நம் ஊரில் பெரியவர்களைப் பார்க்கப் போனால் தட்டோடு போவதுதானே வழக்கம். ஆப்பிள், வாழைப்பழம், ஒரு தேங்காய், வெற்றிலை, அவள் விடிகாலையில் எழுந்து கிளறிய மைசூர்பாகு. எல்லாம் வைத்து, கடிதத்தை மடித்து வெற்றிலைக்கு அடியில் செருகினேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

சனிக்கிழமை கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "என்ன விசேஷம்?" என்று கை நீட்டினார். நான் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். முதல் வரியைப் பார்த்ததுமே கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

"இது நீங்களா?" என்றார். அவருக்குத் தெரிந்தது நான் கூப்பிடச் சொன்ன பெயர். கோர்ட் காகிதத்திலோ, நம் ஆட்கள் எல்லோருக்கும் நடப்பதுபோல, என் அப்பா பெயர்தான் பெரிதாக இருந்தது. "இந்த வழக்கு என் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து இனி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். இதை நான் வாங்கக்கூடாது. இந்த வழக்கை இனி நான் கேட்கவும் முடியாது. நடந்ததைக் கோர்ட்டுக்கு எழுதப்போகிறேன். நீங்களும் இன்றைக்கே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வழக்கு முடியும்வரை இங்கே வேலைக்கு வர வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, எனக்குப் புரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். உள்ளதையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னா லா நீ! அர்ச்சனைத் தட்டா கொண்டு போன? தேங்காயையும் அங்கேயே உடைச்சிருக்க வேண்டியதுதானே!"

என் வக்கீல் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடச் சின்னவர். அவர் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன அண்ணை செய்து வச்சிருக்கிறியள்? லஞ்சம் குடுக்கப் போனீங்கள் எண்டு மற்றப் பக்கம் சொன்னா நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"பழம்தானே தங்கச்சி..."

"ஓம், பழம்தான். கடிதமும் இருந்ததே!"

நாலு நாள் தூக்கம் இல்லை. பிறகு நீதிபதி எழுதிக் கொடுத்ததன் நகல் வந்தது. வக்கீல் அதைத் தமிழில் சொன்னார். "என் வீட்டில் புல் வெட்டுபவர்தான் மேல்முறையீடு செய்தவர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டில் பழமும் தேங்காயும் இலையும் இனிப்பும் இருந்தன. கோர்ட் கடிதத்தைக் காட்டினார். வாயால் எதுவும் கேட்கவில்லை. நான் எதையும் வாங்கவில்லை. இந்த வழக்கிலிருந்து விலகுகிறேன்." அவ்வளவுதான்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருடம் பார்த்திருக்கிறார், நல்லவன் என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா? வக்கீலிடம் கேட்டேவிட்டேன்.

"அப்பிடி எழுதியிருந்தா உங்கட பக்கம் சாயிறா எண்டு சொல்லியிருப்பினம், வழக்கு அதோட கெட்டிருக்கும் அண்ணை," என்றார். "ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாயால கேக்கேல்லை எண்டும் எழுதியிருக்கிறா, கடிதம் காட்டினதையும் எழுதியிருக்கிறா. இதை வச்சு ஆராலயும் ஒண்டும் சொல்லேலாது."

அப்படியே நடந்தது. வழக்கு நாளில் வேறு மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அரசாங்க வக்கீல் அந்தத் தட்டைப் பற்றிப் பேச எழுந்தார். நடுவில் இருந்தவர், "நடந்தது முழுவதும் எங்கள் முன்னால் இருக்கிறது, மேலே சொல்லுங்கள்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. மீதி எல்லாம் டிரெய்லர், கால் உடைந்த அம்மா எனக்காக எழுதிக் கொடுத்திருந்த கடிதம், என் குடும்பம், அந்தச் சட்டம்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் பதிவாகாது. நான் இங்கேயே இருக்கலாம். வக்கீல் அலுவலகத்து வாசலில் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அடுத்த வாரமே எப்சம் வீட்டிலிருந்து முதலாளிக்கு போன் வந்தது, பழைய ஆளையே அனுப்பச் சொல்லி. பென்ரோஸ் கிடங்கில் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். முதலாளி என் முதுகில் தட்டினார்.

"புல்லு வெட்டுனது வீண் போகல லா. மேடம் உள்ள இருந்து ஏதோ கை குடுத்துட்டாங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் எது சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறவன் நான். அன்றைக்கு மிஷினைக் கீழே வைத்தேன்.

"இல்லண்ணே. அவங்க ஒண்ணுமே செய்யல. கோர்ட்டுல நான் எல்லாரையும் மாதிரி கேட்டேன், எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொன்னாங்க. யாரு தயவுலயும் நான் இங்க இல்ல."

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. "சரி சரி, கோவிச்சிக்காத, ஏறு" என்றார். நாங்கள் கிளம்பினோம்.

மனுரேவா, ஞாயிற்றுக்கிழமை, 17 ஆகஸ்ட் 2025.