நொச்சி வேலிக்கு ஓர் அவசர வழி

பென்னலூருக்கு அந்தப் பக்கம் நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனைக்குப் பின்னால் புதர்க்காடு. விடிகிற நேரத்தில் அங்கிருந்து புள்ளிமான் வரும். படம் எடுத்து அனுப்பினால் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதயம் போடுவார்கள். அது என் ரோஜா மொட்டு முழுவதையும் தின்றுவிட்டது என்று சொன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு அந்த மொட்டு வேண்டும். மகள் கல்யாணத்திலேயே நாத்தனாரிடம் வாய்விட்டிருந்தேன், மகளின் வளைகாப்புக்குக் கடைப்பூ ஒரு முழம்கூட வாங்க மாட்டேன், எல்லாம் என் தோட்டத்துப் பூதான் என்று. நாத்தனார் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டாள்.

என் வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். வெங்காயம் நறுக்கும்போது கையுறை எங்கே என்று கேட்கிற ரகம். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சேஃப்டி ஷூதான். வேலி அவர் பொறுப்பு. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வைத்தார். மான் வாய்வைக்காத நொச்சியையும் ஆடாதொடையையும் ஒடித்துவந்து, கயிறு கட்டி நெருக்கி நட்டு, வெளியே வலை சுற்றினார். வெட்ட வெட்ட அடர்ந்து ஆள் உயரம் வந்தது. மகளுக்கு ஏழாம் மாதமும் வந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள், வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று வலையைக் கழற்றினார். அப்போதுதான் பார்த்தேன், பின்பக்கம் வேலிக்கு நடுவில் ஓர் ஆள் புகுகிற இடைவெளி. அந்த இடைவெளி வரைக்கும் தரையில் இரண்டு மஞ்சள் கோடு வேறு.

"இன்னாங்க இது?"

"எமர்ஜென்சி எக்ஸிட்."

"முன்னால கேட்டு கீதே."

"அது மெயின் எக்ஸிட்."

"ஒரு படலாவது வெச்சு மூடுங்க. மான் வரும்."

"எமர்ஜென்சி எக்ஸிட்ட மூடவே கூடாது. ஆடிட்ல மொத கேள்வியே அதான்."

எங்கள் வீட்டுக்கு யார் ஆடிட் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆயிரம் வேலை கிடந்தது.

காலையில் பூக்கூடையோடு போனால் செடியில் காம்புதான் இருந்தது. குளம்புத் தடம் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே வந்து, கோட்டுக்குள்ளேயே போயிருந்தது. இவர் கம்பெனியில்கூட ஒருத்தரும் இவ்வளவு ஒழுங்காக நடக்கமாட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வந்து பார்த்தார். "மனுஷங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலயே. ஜீரோ ஆக்சிடென்ட்" என்றார்.

அவரை ஸ்ரீபெரும்புதூர் கோயில் வாசலுக்குப் பூ வாங்க விரட்டினேன். அவர் வண்டி மறைந்ததும் பக்கத்துக் காலிமனையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிவந்து அந்த எக்ஸிட்டில் திணித்தேன்.

நாத்தனார் வந்ததும் பூச்சரத்தைத்தான் கையில் எடுத்தாள். "தோட்டத்துப் பூவா அண்ணி? கடையில கட்டுனாப்புலயே கீது." பக்கத்தில் சம்பந்தியம்மா சிரித்தார். நான் சந்தனக் கிண்ணத்தைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அவர் சம்பந்திக்கு வேலியைக் காட்டக் கிளம்பினார். அன்றைக்குப் பட்டுவேட்டி, வெறுங்கால். கோட்டின் மகிமையை விளக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்துபோய் முள்ளில் காலை வைத்தார்.

சமையலறைச் சுவரில் அவரே மாட்டிய முதலுதவிப் பெட்டியைக் கொண்டுபோனேன். முள்ளைப் பிடுங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார், "எக்ஸிட்ட யாரு மூடுனது?"

"மானுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்குங்க" என்றேன்.