ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

எஸ்டேட் ஆபீஸில் மழை அளக்கும் வேலையைப் போலச் சுகமானது வேறில்லை என்று சொல்பவர்கள், ஆடி மாதத்தில் பந்தலூரில் காலை எட்டு மணிக்குக் குடை பிடித்து நின்று பார்க்காதவர்கள். மழைமானிக்குள் இருக்கும் பாட்டிலை எடுத்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைத் தினமும் செய்ய வேண்டும். தினமும் ஒரு பதிவேட்டை நிரப்பியே தீரவேண்டிய சகபாவிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மழைக்குத் தேதி

சிலோனிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ராசையாவும் அவர் மனைவி லெட்சுமியும் பதுளைப் பக்கத்திலிருந்து ஒரு வைகாசியில் வந்தார்கள். அவர்கள் ஊரில் பெருமழை ஐப்பசிக்கு மேல்தானாம். அந்த நினைப்பில் லெட்சுமி விறகையெல்லாம் முற்றத்தில் அழகாக அடுக்கி வைத்தார். "ஏனுங்க, ஆனி பொறந்தா இங்க மழை விடாதுங்க, வெறக உள்ள எடுத்துப் போடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டார். கூட வந்த மற்ற வீட்டுக்காரர்களும் அவரைப் பார்த்து அப்படியே அடுக்கினார்கள்.

ஆனியில் பிடித்த மழை பதினோரு நாள் விடவில்லை. ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கண் சிவந்துபோய் லெட்சுமி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கிளாக்கர் ஐயா, கப்பல்ல ஏத்துறப்போ மழைக்குத் தேதிய மாத்திட்டாங்கன்னு ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லலியே!"

மூட்டையில் வந்தது

ராசையாவும் அங்கே மழை அளந்தவர்தான். அவருக்கு முன் அவர் அப்பா. ஒருநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் நோட்டுப் புத்தகங்கள். பாதி அப்பா கையெழுத்து, பாதி மகன் கையெழுத்து. மழைக்கு ஒரு பத்தி, குளிருக்கு ஒரு பத்தி.

"பெய்யிற தண்ணி ரொம்ப மாறல ஐயா. பெய்யிற விதந்தான் மாறிப்போச்சு" என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். அப்பா காலத்தில் வாரக்கணக்கில் தூறியது, பிறகு பல நாள் காய்ந்து கிடந்து ஒரே நாளில் கொட்டத் தொடங்கியிருந்தது. விடியற்காலைக் குளிரும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தது. ஒரு தீவின் வயதைக் கையில் வைத்திருப்பது போல எனக்குப் புல்லரித்தது. லெட்சுமிக்கு அப்படியொன்றும் இல்லை. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "தையல் மிசின வித்துப்புட்டு, மழைய மூட்டை கட்டிக்கிட்டு வந்திருக்காரு இந்த மனுசன்!"

கண்டுபிடித்துவிட்டார்

அங்கே நடந்தது இங்கேயும் நடக்கிறதா என்று பார்க்க ராசையா என் பதிவேட்டைக் கேட்டார். பெருமையாகக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

உங்களிடம் மறைப்பானேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுந்திருப்பதில்லை. அன்றைக்குச் சைபர் போட்டுவிடுவேன். இரண்டு நாள் மழை பாட்டிலில் கொள்ளாமல் வெளி டப்பாவில் வழிந்து நிற்கும். அதைக் கீழே சாய்த்துவிட்டு, பாட்டிலில் இருப்பதை மட்டும் திங்கட்கிழமைக் கணக்கில் எழுதுவேன். மற்ற நாட்களில் வழிந்தாலும் இதே கதைதான். எட்டு வருஷம் யாரும் கேட்டதில்லை. ராசையா நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஐயா, இந்தத் தோட்டத்துல மழையும் ஞாயித்துக்கெழம லீவு எடுக்குமுங்களா?"

முளைக்குச்சிகள்

அந்த மாசியில் ஓடைக்கரையில் தொழிலாளர்களுக்குப் புது லயத்து வரிசை வீடுகள் கட்டக் குச்சி அடித்தார்கள். முதல் வீடு ராசையாவுக்கு. ஓடை எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ள எஸ்டேட் மேனேஜரான துரை பார்த்தது என் பதிவேட்டை. பயப்படும்படியான மழை அதில் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? அதையெல்லாம் நான்தான் கீழே கொட்டியிருந்தேனே.

ராசையா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் சொல்லவில்லை. குச்சிகளைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை. சனிக்கிழமை துரை முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். துரை பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "குச்சிகளை மேட்டுக்கு மாத்தச் சொல்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எட்டு மணிக்கு மழைமானிகிட்ட நானும் வந்து நிப்பேன்."

வழிந்ததும் சேர்த்து

அடுத்த ஆடியில் ஒரு சனிக்கிழமை பகலில் பிடித்த மழை விடியும்வரை கொட்டியது. காலை எட்டு மணிக்குப் பாட்டில் நிரம்பி, வெளி டப்பாவும் முக்கால்வாசி நிறைந்து நின்றது. கீழே, முன்பு குச்சி அடித்திருந்த இடத்தில் இடுப்பளவு செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் புது லயத்தின் முதல் வீட்டில் லெட்சுமியின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ராசையா என் குடையை வாங்கி என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, டப்பாவைக் காட்டினார்: "நிதானமா அளங்க ஐயா. வழிஞ்சதையும் சேத்து எழுதுங்க."

மழை அளப்பது இன்றைக்கும் சுலபமான வேலைதான், ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர.